பதினாறில் யார் காது இருக்கிறது?

மாமாவின் போட்டில் வீல்ஹவுசுக்குள் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு விஎச்எஃப் வானொலி செட் தொங்குகிறது. மைக்கின் சுருள் ஒயர் எப்போதோ அறுந்து, வலை பொத்துகிற நைலான் நூலால் வரிந்து கட்டப்பட்டிருக்கிறது. உப்பு படிந்து மங்கிப்போன கண்ணாடிக்குப் பின்னால் எண் ஒளிர்கிறது: 72. எங்கள் ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ளும் சானல் அது. எந்தப் பக்கம் மீன் படுகிறது, கொச்சி தோப்பும்படியில் இன்றைக்கு என்ன விலை, யார் எஞ்சின் மக்கர் பண்ணுகிறது என்று ராத்திரி முழுக்க அதில் பேச்சு ஓடும்.

போன மழைக்காலத் தடையில் போட் கரையில் கிடந்தபோது கேட்டேன். "மாமா, போட்டு முங்குனா முதல்ல எந்த சானல்ல கூப்பிடுவீங்க?"

"இதுலதான் மக்கா. நம்ம ஆளுக எல்லாம் இதுலதானே கெடக்கான்."

அந்தப் பதிலைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆபத்துக் குரலுக்கு எந்த அலைவரிசை என்ற கேள்வியின் உயிர்நாடியே அதில் இருக்கிறது. சத்தமில்லாத சானல் எது, தெளிவான சானல் எது என்பதை வைத்து அல்ல, எதில் காது இருக்கிறது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாமா பாதிக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டார். மீதிப் பாதி, முங்குகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பது நம் ஆள்தானா என்பது.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று குமரி மாவட்டக் கரையில் வரிசையாகக் கிடக்கும் எங்கள் ஊர்களிலிருந்து போகிறவர்கள் கரைக்கடலில் நிற்கிறவர்கள் அல்ல. கொச்சியையும் முனம்பத்தையும் தங்குதுறையாக வைத்துக்கொண்டு, சுறாவுக்கும் சூரைக்கும் லட்சத்தீவு தாண்டி, வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். அங்கே விஎச்எஃப் செட் எவ்வளவு தூரம் பேசும்? இதில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. 25 வாட் செட் வாங்கிவிட்டால் கரைவரை எட்டும் என்று நினைக்கிறார்கள். விஎச்எஃப் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்த இடத்தில் அதன் கதை முடிந்தது. வாட் கூடினால் குரல் தெளியும், வளைவைத் தாண்டிப் போகாது. தூரத்தைத் தீர்மானிப்பது ஆன்டெனாவின் உயரம்.

கணக்கு எளிது. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் பங்கு கிலோமீட்டரில் கிடைக்கும். இரண்டு பக்கத்துப் பங்கையும் கூட்ட வேண்டும். நம் போட்டில் 4 மீட்டர் உயரம் என்றால் சுமார் 8 கிலோமீட்டர். எதிரே இருப்பதும் நம்மைப் போன்ற போட் என்றால் இன்னொரு 8, ஆக 16. கரையில் 100 மீட்டர் உயரத்தில் கோபுரம் இருந்தால் 41-உம் 8-உம் சேர்த்து 49. சரக்குக் கப்பலின் உச்சியில் 36 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் 25-உம் 8-உம் சேர்த்து 33.

இந்த மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கும் போட்டுக்குக் கரைக் கோபுரம் கணக்கிலேயே இல்லை. சொந்த ஊர் போட் 16 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் 72-இல் குரல் கேட்கும். ஆனால் கப்பலுக்கு அதைப்போல இரண்டு மடங்கு தூரத்திலிருந்து கேட்கும். லட்சத்தீவின் மினிக்காய்க்கு வடக்கே ஒன்பது டிகிரி சானலும் தெற்கே எட்டு டிகிரி சானலும் கப்பல் போகும் பெரும்பாதைகள். வளைகுடாவிலிருந்து இலங்கைக்குத் தெற்கே திரும்பிப் போகிற கப்பல்கள் நம் ஆட்கள் தொழில் செய்யும் கடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அந்தக் கப்பல்களில் ஒன்றில்கூட 72 திறந்திருக்காது. 16 திறந்திருக்கும்.

சானல் 16 என்பது 156.8 மெகாஹெர்ட்ஸ். உலகம் முழுக்க, எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும், வாய்ப்பேச்சில் ஆபத்தைச் சொல்லவும் ஒருவரை ஒருவர் முதலில் கூப்பிடவும் உள்ள பொதுச் சானல் இதுதான். இங்கே ஒரு கேள்வி வரும். ஆபத்துக்கு என்று ஒரு சானலைத் தனியே ஒதுக்கி, வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று பூட்டி வைத்திருக்கலாமே, ஏன் கூப்பிடுவதையும் அதிலேயே வைத்தார்கள்? நானும் இதை யோசித்திருக்கிறேன். காரணம் மனித சுபாவம். வருடத்துக்கு ஒரு முறைகூடச் சத்தம் வராத சானலை யாரும் திறந்து வைத்திருக்க மாட்டார்கள். தன்னை யாராவது கூப்பிடக்கூடும் என்ற எண்ணம் இருந்தால்தான் காது அங்கே நிற்கும். அதனால் எல்லோரும் 16-இல் கூப்பிடுங்கள், ஆள் கிடைத்ததும் வேறு சானலுக்குப் போய்ப் பேசுங்கள் என்று வைத்தார்கள். அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

காது இல்லாவிட்டால் அலைவரிசை சரியாக இருந்தும் பயனில்லை என்பதை உலகம் 1912-லேயே பார்த்துவிட்டது. டைட்டானிக் பனிமலையில் மோதிய இரவில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் அதிக தூரத்தில் இல்லை. அதில் வயர்லெஸ் இருந்தது. அதை இயக்க ஒரே ஒரு ஆள்தான். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, மோதல் நடப்பதற்குச் சற்று முன்னால்தான் அவர் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். அதன் பிறகுதான் கப்பல்களில் வயர்லெஸ் காவல் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்க வேண்டும் என்ற பேச்சு விதியாக மாறியது.

அதற்கு அப்புறம் வந்த ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய கப்பல்களின் வயர்லெஸ் அறைக் கடிகாரத்தில் முகப்பிலேயே நிறம் பூசியிருப்பார்கள். ஒவ்வொரு மணிக்கும் 15-ஆவது நிமிடத்திலிருந்து 18 வரையும் 45-இலிருந்து 48 வரையும் சிவப்பு. மணி தொடங்கும் முதல் மூன்று நிமிடமும், அரைமணி தொடங்கும் மூன்று நிமிடமும் பச்சை. சிவப்பு நேரத்தில் மோர்ஸ் தந்திக்கான 500 கிலோஹெர்ட்ஸிலும், பச்சை நேரத்தில் பேச்சுக்கான 2182 கிலோஹெர்ட்ஸிலும் உலகத்தில் எந்தக் கப்பலும் வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் கேட்க மட்டும் வேண்டும். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு சின்னக் கப்பலின் மெல்லிய குரல் அந்த மூன்று நிமிடத்தில் மேலே வரட்டும் என்பதற்காக. 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகக் கடல் ஆபத்து ஏற்பாட்டில் இயந்திரமே காவல் இருக்கும் முறை வந்ததும் இந்த மௌன நேரங்கள் வழக்கொழிந்தன. 16-இல் அப்படி ஒரு மௌனம் இன்றைக்கு வேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு எங்கள் பக்கத்தில் அதில் அரட்டை நடக்கிறது.

அரட்டை ஏன் இவ்வளவு ஆபத்து? இந்த இடத்தில்தான் விஎச்எஃப்-இன் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் செட் எஃப்.எம். முறையில் வேலை செய்கிறது. எஃப்.எம்.-இல் ஒரே சானலில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் இரண்டும் கலந்து கேட்காது. வலுவான குரல் மட்டும் சுத்தமாகக் கேட்கும், வலுவில்லாதது அடியோடு மறைந்துவிடும். பின்னணியில் முணுமுணுப்பாகக்கூட வராது. இரண்டு கிலோமீட்டரில் ஒருவர் சூரை விலை பேசிக்கொண்டிருக்கும்போது பதினைந்து கிலோமீட்டரில் ஒருவர் உயிருக்குக் கத்தினால், கேட்பவருக்கு சூரை விலை மட்டும்தான் கேட்கும், அதுவும் எந்தத் தொந்தரவும் இல்லாமல். தான் யாருடைய குரலையோ மறைத்தோம் என்பது பேசியவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. இதைவிட மோசம், மைக் எங்காவது பலகைக்கு இடையில் மாட்டி பட்டன் அழுந்தியபடியே கிடப்பது. அந்த போட் சுற்றுவட்டாரத்துக்கே சானலை அடைத்துவிடும். அழுந்திய பட்டன் விடுபடும்வரை அதன் செட்டில் எதுவும் கேட்கவும் செய்யாது.

ஸ்குவெல்ச் என்ற குமிழையும் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் தாங்காமல் பலர் அதை முழுக்கத் திருகி வைத்திருப்பார்கள். அப்போது இரைச்சலோடு சேர்ந்து தூரத்துக் குரலும் வெளியே நின்றுவிடும். இரைச்சல் நிற்கிற புள்ளிவரை திருகி, அங்கேயே விட்டுவிட வேண்டும். ஒரு நூல்கூட அதற்கு மேல் வேண்டாம்.

வேறு சில சானல் தப்புகளும் நம்மிடம் உண்டு. கையில் பிடிக்கும் மலிவு வாக்கி டாக்கி சிலவற்றில் எந்த அதிர்வெண்ணை வேண்டுமானாலும் ஏற்றலாம். நாலைந்து போட் சேர்ந்து, யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்று, கடல் சானல் பட்டியலிலேயே இல்லாத ஓர் எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். மீன் படுகிற இடத்தை மறைக்க அது உதவலாம். ஆபத்தில் அதே எண் அவர்களையும் மறைத்துவிடும், சட்டப்படியும் அது குற்றம். இன்னொன்று, 24, 25, 26 போன்ற சானல்கள் இரட்டை அதிர்வெண் கொண்டவை. போட் ஓர் அதிர்வெண்ணில் பேசும், வேறொன்றில் கேட்கும். 24-இல் நாம் பேசுவது 157.2 மெகாஹெர்ட்ஸில், கேட்பது 161.8-இல். கரை நிலையத்தோடு பேசுவதற்காக ஏற்பட்டது அது. இரண்டு போட்டும் அதே 24-இல் நின்று ஒருவரை ஒருவர் மணிக்கணக்கில் கூப்பிட்டாலும் ஒருவர் குரல் மற்றவருக்கு விழாது. செட் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

அப்படியானால் சானல் 70? அதில் வாயால் பேசவே கூடாது. 156.525 மெகாஹெர்ட்ஸில் உள்ள அந்தச் சானல் முழுக்க இயந்திரங்களின் காதுக்கு உரியது. டி.எஸ்.சி. (குரலுக்குப் பதில் டிஜிட்டல் செய்தியால் கூப்பிடும்) வசதி உள்ள செட்டில் மூடி போட்ட சிவப்புப் பட்டன் ஒன்று இருக்கும். மூடியைத் தூக்கி, பட்டனைச் சில விநாடி விடாமல் அழுத்தினால், போட்டின் அடையாள எண்ணும் ஜிபிஎஸ் காட்டும் இடமும் நொடியில் டிஜிட்டல் செய்தியாகப் போய்விடும். சுற்றியுள்ள கப்பல்களில் அலாரம் அடிக்கும். யாராவது பதில் தரும்வரை சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை செட் தானாகவே திரும்ப அனுப்பும். மனிதன் தூங்கினாலும் இது தூங்காது. பட்டனை அழுத்திய பிறகு 16-க்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். அழுத்தினதும் பல செட் தானே 16-க்கு மாறி நிற்கும்.

ஆனால் அந்தப் பட்டனுக்கு உயிர் கொடுப்பது ஒன்பது இலக்க அடையாள எண். இந்தியக் கலங்களுக்கு அது 419 என்று தொடங்கும். அதை செட்டில் ஏற்றாவிட்டால் பட்டன் வெறும் பிளாஸ்டிக். மாமாவின் செட் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் மெனுவைத் திறந்து பார்த்தால் எண் இருக்க வேண்டிய இடம் காலி. விற்ற கடைக்காரர், "எல்லாம் செட் பண்ணியாச்சு அண்ணே, சும்மா ஆன் பண்ணினா போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். இரண்டு வருடம் பன்னிரண்டு பேர் அந்தச் சிவப்புப் பட்டனை நம்பிக் கடலுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. உங்கள் போட்டில் செட் இருந்தால் இன்றைக்கே மெனுவைத் திறந்து பாருங்கள்.

16-இல் என்ன சொல்வது என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. 'மேடே' மூன்று முறை. லண்டன் குராய்டன் விமான நிலைய வானொலி அதிகாரி ஒருவர் 1920-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லின் ஓசையிலிருந்து எடுத்தது அது, 'எனக்கு உதவு' என்று பொருள். பிறகு போட்டின் பெயர் மூன்று முறை, அடையாள எண். மறுபடி 'மேடே', பெயர், உடனே இடம். அதன் பிறகுதான் என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர். இடம் ஏன் இவ்வளவு முன்னால் வருகிறது என்றால், பாதியில் பேட்டரி போனாலும் தேட ஒரு புள்ளி மிஞ்சும்.

அந்தப் புள்ளியைச் சொல்வதில் நம் ஆட்கள் தடுமாறுவது மொழியில் அல்ல, எண்ணில். 16-இல் கேட்கிற மாலுமி பிலிப்பீன்ஸ்காரராகவோ உக்ரேன்காரராகவோ இருக்கலாம். தமிழும் மலையாளமும் அவருக்குத் தெரியாது. ஆனால் ஜிபிஎஸ் எண்ணை ஆங்கிலத்தில் படிக்க போட்டை ஓட்டும் எங்கள் ஸ்ராங்குகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரச்சினை 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' போன்ற சொற்களில். இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஆகவே ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்து, 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று சொல்ல வேண்டும். இன்னொரு நுணுக்கம். சில ஜிபிஎஸ் 8 டிகிரி 17.50 மினிட் என்று தசமத்தில் காட்டும், சிலது 8 டிகிரி 17 மினிட் 50 செகண்ட் என்று காட்டும். பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒன்றை மற்றதாகப் படித்தால் அறுநூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். கரையில் அறுநூறு மீட்டர் ஒரு தூரமே இல்லை. அலை எழும்பி விழுகிற கடலில் தண்ணீருக்கு மேல் தெரியும் ஒரு தலையை அறுநூறு மீட்டரிலிருந்து பார்ப்பது பெரும்பாடு.

சரி, கப்பலும் இல்லை, போட்டும் இல்லை, 16-இல் கூப்பிட்டால் கடல் இரைச்சல்தான் என்றால்? 2017 நவம்பர் 30-ஐ எங்கள் ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஒக்கி புயல் வந்தபோது விஎச்எஃப் எட்டாத தூரத்தில் இருந்த போட்டுகளுக்குக் கரையின் எச்சரிக்கை போகவில்லை, அவர்கள் குரலும் கரைக்கு வரவில்லை. தேவாலய வாசலில் நின்றவர்கள் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் மாறி மாறி போன் அடித்தார்கள். ஆள் தமிழ்நாடு, போட் பதிவு கேரளம், காணாமல் போனது இரண்டுக்கும் சொந்தமில்லாத கடலில். இதற்கு விடை செயற்கைக்கோள் வழியில்தான் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் ஈபிர்ப் கருவி, நம் இஸ்ரோ உருவாக்கிய டாட் கருவி, 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு என்று வரும் டிரான்ஸ்பாண்டர் எல்லாம் இந்த இனம். இவை மேலே போய் மீட்பு மையத்தின் காதுக்கு எட்டும். கரையிலிருந்து போனில் சொல்ல வேண்டியவர்களுக்குக் கடலோரக் காவல்படையின் 1554 இருக்கிறது, அதற்கு மாநில எல்லை கிடையாது.

இவை வந்துவிட்டதால் 16 தேவையில்லை என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செயற்கைக்கோளில் போகும் செய்தி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஓர் அறையில் இருக்கும் அதிகாரியை எழுப்பும். அவர் கப்பலையோ விமானத்தையோ திருப்பிவிட மணிக்கணக்கு ஆகலாம். 16 எழுப்புவது எட்டு கிலோமீட்டரில் போய்க்கொண்டிருப்பவரை. இரண்டும் வேண்டும். அதோடு 16 முங்கிய பிறகு கூப்பிடுவதற்கு மட்டும் அல்ல. 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து போன ஒரு படகை ராத்திரியில் கப்பல் மோதியது. படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டத்தார். இப்போது விழிஞ்ஞம் துறைமுகம் வந்து, நீரோடிக் கரையிலிருந்து பார்த்தாலே கன்டெய்னர் கப்பல் தெரிகிறது. எதிரே விளக்கைப் பார்த்து அந்தக் கப்பல் கூப்பிடுவது 16-இல்தான். ஊர்ச் சானலில் பாட்டும் பேச்சுமாக இருக்கும் போட்டுக்கு அது விழாது.

இதற்காக 72-ஐ விடச் சொல்லவில்லை. அதை விட்டால் மாமாவுக்குத் தொழிலே இல்லை. பெரும்பாலான செட்டில் 'டூயல் வாட்ச்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஊர்ச் சானலில் நின்றபடியே நொடிக்கு ஒருமுறைபோல 16-ஐ எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும், அங்கே சத்தம் வந்தால் தாவிவிடும். ஆபத்து என்றால் முதலில் 16. சொல்லி முடித்ததும் காது வைத்துக் கேட்டு, பதில் இல்லாவிட்டால் மறுபடியும் அதிலேயே. அதன் பிறகு ஊர்ச் சானல். பவர் பட்டன் 1 வாட்டில் இருக்கிறதா 25-இல் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. 25 வாட்டில் பேசும்போது செட் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஐந்தாறு ஆம்பியர் உறிஞ்சும். அந்தப் பேட்டரி எஞ்சின் அறையின் அடியில் இருந்தால், தண்ணீர் ஏறும்போது முதலில் சாவது அதுதான். மாமாவின் போட்டில் ஒரு பேட்டரியை வீல்ஹவுஸ் பலகைக்கு மேலே தூக்கி வைக்க ஒரு மதியம் பிடித்தது.

அடையாள எண்ணும் விண்ணப்பித்து வாங்கி ஏற்றியாயிற்று. செட்டின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டி, பேனாவால் 16 என்று மாமாவே எழுதியிருக்கிறார். போட்டில் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் அசாமிலிருந்து வந்த பையன்கள். ஸ்ராங்கு கடலில் விழுந்துவிட்டால் மைக்கை எடுக்கப்போவது அவர்களில் ஒருவனாக இருக்கலாம் என்று சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. தடை முடிந்து தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிளம்பின அன்றைக்குச் சாயங்காலம், செட்டை அணைத்து வைத்துவிட்டு, அவர்களில் சின்னவனைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். அவன் ஜிபிஎஸ் திரையைப் பார்த்து மெதுவாகப் படித்தான். "எய்ட் டிகிரி, ஃபிஃப்டீன்..."

"ஃபிஃப்டீன் இல்ல மக்கா," என்றார் மாமா. "ஒன் ஃபைவ். முதல்லயிருந்து சொல்லு."